கித்தேரி புதைச்ச ஞானத்தொட்டி

சாமியார் வர இன்னும் நேரம் கிடக்கு மதினி. பக்கத்து ஊர்ல ரெண்டு கல்யாணம், அதை முடிச்சிட்டுத்தான் இங்கன வருவாவ. அதுவரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காம, பிள்ளைய இங்கன குடுங்க. ஞானஸ்நானத்துல பிள்ளைய ஏந்துற ஞானத்தாய் நான்தானலா, என் மடியில கிடக்கட்டும்.

என்ன கேட்டிய? நானூறு வருசத்துக் கோயில்னு பெருமை பேசுதிய, ஞானஸ்நானம் குடுக்க சிமெண்டுத் தொட்டியா வச்சிருக்கியன்னா? சம்பந்தி வீட்டுக்காரங்கன்னா குத்தம் கண்டுபிடிக்காம வீடு திரும்ப மாட்டிய போல. சரி, கேட்டுட்டிய. சொல்லுதேன். எங்க பழைய ஞானத்தொட்டி இந்த ஊர்லதான் இருக்கு. எங்கன இருக்குன்னு எனக்கும் தெரியாது, சாமியாருக்கும் தெரியாது, ஆண்டவருக்கு மட்டுந்தான் தெரியும். உம் கொட்டிக் கேளுங்க. உம் கொட்டலைன்னா நிப்பாட்டிருவேன். எனக்கு அப்படி ஒரு புத்தி.

முன்னொரு காலத்துல, நம்ம பாட்டன் பூட்டன் யாரும் தொட்டில்ல படுக்காத காலத்துல, இதே புன்னந்துறையில, கித்தேரின்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். அவ புருசன் கஸ்பார். அவன் வள்ளத்துல கடலுக்குப் போவான். இவ கரையில கருவாடு போடுவா. கடலைப் பாத்து ஒரு ஓலைக் கொட்டகை. கொட்டகைக்குள்ள அஞ்சு கல்தொட்டி. வெட்டின மீனை உப்புல ஊறப் போடுறதுக்கு. அவ கருவாடு எவ்வளவு உப்போ, அவ வாய் அதைவிட உப்புன்னு சொல்லுவாவ. நானும் கருவாட்டுக்காரிதான், எனக்குத் தெரியாதா. உப்பு கம்மின்னா ரெண்டும் புழுத்துரும்.

அப்ப கோயில்ல ஒரு ஞானத்தொட்டி இருந்ததாம். ஒரே கல்லைக் குடைஞ்சு செஞ்சது. விளிம்பைச் சுத்தி ஒரு சிலுவை, ஒரு மீனு, ஒரு சிலுவை, ஒரு மீனுன்னு கொத்தியிருக்குமாம். கப்பல்ல வந்துன்னு சிலபேரு சொல்லுவாவ, மலையிலேருந்து மாட்டுவண்டியில வந்துன்னு சிலபேரு சொல்லுவாவ. எட்டு ஆம்பளை சேந்து முக்கினாத்தான் அசையுமாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுல உள்ள தண்ணியதான் தலையில ஊத்தினாவ.

கித்தேரிக்குக் கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு ஒரு பிள்ளை பொறந்தது. பொம்பளைப் பிள்ளை. செவ்வாக்கிழமை பொறந்தது. அப்பல்லாம் சாமியாரு மாசத்துல ஒருக்கதான் வருவாரு. அந்த மாசம் அவரு வர இன்னும் பத்து நாளு இருந்தது. பிள்ளை வெள்ளிக்கிழமை செத்துப்போச்சு.

தண்ணி ஊத்தாத பிள்ளைக்குப் பேரு கிடையாது. பேரு இல்லாத பிள்ளைக்கு, சாமியாரு செபம் சொல்லி மந்திரிச்ச மண்ணுல இடம் கிடையாது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி மதினி, என்ன செய்ய. கல்லறைத் தோட்டத்துச் சுவத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மணல்மேடு. வெளிமண்ணுன்னு சொல்லுவாவ. ஞானஸ்நானம் இல்லாம செத்த பிள்ளைகளை அங்கனதான் வைப்பாவ. இந்தப் பிள்ளையையும் அங்கனதான் வச்சாவ. மணி அடிக்கல. மெழுகுதிரி கொளுத்தல. கஸ்பாரு ஒத்தக் கையில தூக்கிக்கிட்டுப் போனானாம். அவ்வளவு சின்னப் பிள்ளை.

எட்டு நாளு கழிச்சு உபதேசியாரு துக்கம் கேக்க வந்தாரு. சாமியாரு இல்லாத நாள்ல செபம் சொல்லிக் குடுக்கிறவரு அவருதான். நல்ல மனுசன். ஆனா எதை எப்பச் சொல்லணும்னு தெரியாது. வந்து உக்காந்து, ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, "ஏம்மா கித்தேரி, சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தலாமே. ஒரு கை தண்ணிய நெத்தியில விட்டு, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலேன்னு நீயே சொல்லியிருந்தாலும் செல்லுமே. உனக்குத் தெரியாதா?"ன்னாராம்.

தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லல.

நாலு நாளு பிள்ளை அவ மடியில கிடந்தது. நாலு நாளும் கைக்கு எட்டுற இடத்துல செம்புல தண்ணி இருந்தது.

அன்னையிலேருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். எம் பிள்ளை சுவத்துக்கு உள்ள வரணும். வேற ஒண்ணும் வேண்டாம். எம் பிள்ளை சுவத்துக்கு உள்ள வரணும். கருவாடு புரட்டும்போதும் அதுதான், உலை வைக்கும்போதும் அதுதான். வர்ற சாமியாருகிட்ட எல்லாம் கேட்டுப் பாத்தா. எல்லாரும் தலைய ஆட்டிட்டுப் போனாவ.

இப்படி இருக்கும்போது ஒரு நாளு வடக்கேருந்து ஆளு ஓடி வந்தான். பட்டாளம் வருது, கோயில் கோயிலா இடிச்சுக்கிட்டு வருதுன்னு. எந்த ராசா பட்டாளம்னு கேக்காதீங்க, ஊர்ல ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவாவ. சனமெல்லாம் வள்ளத்துல ஏறிருச்சு. கோயில்லேருந்து ஆளுக்கு ஒண்ணைத் தூக்கினாவ. ஒருத்தன் மாதா சுரூபத்தை, ஒருத்தன் மணிய, ஒருத்தன் பூசைப் பாத்திரத்தை. ஞானத்தொட்டி மட்டும் வச்ச இடத்துல இருக்கு.

"ஏட்டி, வெரசா ஏறுட்டி"ன்னான் கஸ்பாரு.

"தொட்டி?"

"எட்டு ஆளு கனம். அதை ஏத்தினா வள்ளம் நேரா அடிமண்ணுக்குத்தான் போவும்."

"தூக்கத்தான் முடியாது. உருட்டலாம்லா?"ன்னாளாம் கித்தேரி.

வள்ளத்தைக் கரையேத்த உருளைக்கட்டை போடுவோம்லா, அதை எடுத்துப் போட்டு, ஏழெட்டுப் பேரா சேந்து, தொட்டிய உருட்டிக்கிட்டு வந்து அவ கொட்டகையில நிறுத்தினாவ. அஞ்சு தொட்டியோட ஆறாவது தொட்டி. உள்ள உப்பைக் கொட்டினா. முந்தின நாளு வலையில பட்ட சாளை மீனை அள்ளிப் போட்டா. சிலுவை தெரியாம, மீனு தெரியாம, விளிம்பெல்லாம் குடலும் செதிலுமா அப்பினா. "நீங்க போங்க"ன்னுட்டா. கஸ்பாரு கத்தினான், கெஞ்சினான். அவ ஏறல. அவன் தங்கச்சி இசபெலும், மதினிய விட்டுட்டுப் போவ மாட்டேன்னு நின்னுட்டா.

பட்டாளம் வந்தது. கோயில் கூரையக் கொளுத்தினாவ, பீடத்தை உடைச்சாவ. அவிய தலைவன் மீசைய முறுக்கிக்கிட்டு கொட்டகைக்கு வந்தானாம். வந்தவன் வாசல்லயே நின்னுட்டான். மூக்கைப் பொத்திக்கிட்டான்.

"என்னதிது?"

"சாளை, ஏமானே. இன்னும் பதமாகல. ருசி பாக்கியளா?"ன்னு கை நிறைய அள்ளி நீட்டினாளாம் இவ.

"ஆக்!" அவ்வளவுதான். போனவன் திரும்பிப் பாக்கல. பட்டாளமே பின்னாடி ஓடுச்சாம். சிரிங்க மதினி, சிரிக்கிற இடந்தான். நாத்தம் காப்பாத்தின தொட்டி உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்.

சனம் திரும்பி வந்தது. கோயிலுக்குக் கூரை இல்ல. சாமியாரும் இல்ல, மூணு வருசம் யாரும் இந்தப் பக்கம் வரல. தொட்டி கொட்டகையிலயே இருந்தது. ஆனா பிள்ளைக பொறக்காம இருக்குமா? எந்த வீட்டுல பச்சப்பிள்ளை அழுற சத்தம் கேட்டாலும் கித்தேரி அந்த வாசல்ல நிப்பாளாம். "காத்திருக்காதே. ஒரு நாளுகூடக் காத்திருக்காதே"ம்பா. பிள்ளைய வாங்கிக்கிட்டுப் போயி, தொட்டியில கிணத்துத் தண்ணிய நிரப்பி, மூணு கை ஊத்தி, மூணு நாமத்தையும் சொல்லி, பேரு வச்சுக் குடுப்பா.

இதுல ஒரு கூத்து நடந்தது. தொட்டியக் கழுவினா, தவிடு போட்டுத் தேச்சா, வெயில்ல காய வச்சா, திரும்பவும் கழுவினா. ஆனா கல்லு உப்பைக் குடிச்சிட்டு. நல்ல தண்ணிய ஊத்தினாலும் செத்த நேரத்துல உப்பாயிரும். ஊருல ஒருத்தருக்கும் அது தெரியல. எப்படித் தெரியும்? நம்ம கிணத்துத் தண்ணியே கரிப்பு. காத்து கரிப்பு, வேர்வை கரிப்பு, புருசன் கன்னம்கூட கரிப்பு. உப்புலயே கிடக்கிறவனுக்கு எது உப்பு? பிள்ளைக மட்டும் சொட்டுத் தண்ணி உதட்டுல பட்டதும் மூஞ்சியச் சுளிக்குமாம். வானத்துலேருந்து சம்மனசு வந்து முத்தம் குடுக்கு, அதான் கூச்சம்னு சொல்லிச் சிரிப்பாவளாம்.

மூணு வருசத்துல நாப்பத்தோரு பிள்ளை. அதுல ஒண்ணு இசபெல் பெத்த பையன். காய்ச்சல்ல போயிட்டான். கித்தேரி தண்ணி ஊத்தின பிள்ளைலா, அதனால பேரு இருந்தது, சுவத்துக்கு உள்ள வச்சாவ. நாத்தனா பிள்ளை உள்ள, இவ பிள்ளை வெளிய. நடுவுல ஒரு சுவரு. இசபெலைக் கட்டிப் பிடிச்சு அழுதாளாம் கித்தேரி. ஒரு நாளும் பொறாமைப்படலைன்னு சொல்லுவாவ. நான் நம்ப மாட்டேன். அவளும் மனுசிதான். பொறாமைப்பட்டிருப்பா, ஆனாலும் கட்டிப் பிடிச்சிருப்பா.

நாலாவது வருசம் ஒரு சாமியாரு வந்தாரு. சின்ன வயசு. நெட்டை. மூக்கு பெருசு. நம்ம ஆளுக சும்மா இருப்பாவளா, மூக்குச்சாமின்னு பேரு வச்சிட்டாவ. நிறையப் படிச்சவரு. தொட்டியப் பாக்கணும்னு கொட்டகைக்கு வந்தாரு. ஊரே பின்னாடி வந்தது. தண்ணியத் தொட்டு நாக்குல வச்சாரு. முகம் மாறிப்போச்சு.

"அம்மா, இதுலயா நாப்பத்தோரு பிள்ளைக்கும் ஊத்தினீங்க?"

"ஆமா சாமி."

"ஞானஸ்நானம் செல்லணும்னா தண்ணி வேணும். பாலுல குடுத்தாச் செல்லாது. கஞ்சியில குடுத்தாச் செல்லாது. இது தண்ணியா, மீன் ஊறலா?"

இசபெல் நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு முன்னாடி வந்தாளாம். "ஊறல்னா, உள்ள கிடக்கிற எம் பிள்ளை?"ன்னா. சாமியாரு கண்ணு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போச்சு. செல்லலைன்னா அவனையும் தோண்டி எடுத்து வெளிமண்ணுல வைக்கணும்.

அப்ப கித்தேரி கேட்டாளாம். "சாமி, கடல்தண்ணி தண்ணியா?"

"தண்ணிதான். கடல்ல குடுத்தாலும் செல்லும்னு புஸ்தகத்துல இருக்கு."

"அதுல மீன் ஊறலையா சாமி? உலகம் உண்டான நாளையிலேருந்து ஊறிக்கிட்டுத்தான கிடக்கு?"

அவ விட்டாளா? "நீங்க ஞானஸ்நானம் குடுக்கையில பிள்ளை நாக்குல ஒரு கல்லு உப்பு வைப்பியள்லா. அந்த வேலையையும் எங்க தொட்டியே பாத்துட்டு. இதுல என்ன குத்தம்?"

சாமியாருக்கு அப்படி ஒரு சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாராம். "செல்லும்மா, செல்லும். நாப்பத்தொண்ணும் செல்லும்"னுட்டாரு. இசபெல் அங்கனயே தரையில உக்காந்து அழுதா.

எல்லாரும் போனப் பொறவு கித்தேரி மட்டும் நின்னா. "சாமி, எம் பிள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்க."

சாமியாருக்குச் சிரிப்பு போயிட்டு. "செத்த பிள்ளைக்குத் தண்ணி ஊத்த முடியாதும்மா. சட்டம் என் கையில இல்ல. என் கையில இருந்தா இன்னைக்கே செய்வேன்"ன்னாரு. பொய் சொல்லல அவரு. நெசமாவே கலங்கிப் போனாராம். அவ முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாமியாரு பிரசங்கத்துல சொன்னாரு. உப்பு அரிச்சு தொட்டியில விரிசல் விழுந்துட்டு, இனி அது ஆகாது, புதுசு ஒண்ணு வரும். ஆனா பழசைக் கண்ட இடத்துல போடக்கூடாது. மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. அது மந்திரிச்ச தொட்டி. மந்திரிச்ச பொருளை மண்ணுக்குள்ளதான் வைக்கணும். அது கிடக்கிற மண்ணு மந்திரிச்ச மண்ணா இருக்கணும், சுத்திச் சுவரு இருக்கணும், அது சட்டம். "நான் ஒரு வாரம் மத்த ஊருக்கெல்லாம் போயிட்டு வாரேன். அதுக்குள்ள கல்லறையில புதைச்சிருங்க"ன்னாரு.

எல்லாரும் கேட்டாவ. கித்தேரி மட்டும் ரெண்டு தடவை கேட்டா. காதால ஒருக்க, மனசால ஒருக்க.

புதன்கிழமை ஆம்பளைக எல்லாம் கடல்ல. உச்சி வெயில். பொம்பளைக பத்துப் பன்னெண்டு பேரு கொட்டகைக்கு வந்தாவ. திரும்பவும் உருளைக்கட்டை. கட்டைய எடுத்து முன்னாடி போடு, தள்ளு. எடுத்து முன்னாடி போடு, தள்ளு. பிள்ளை பெத்த இடுப்பு, அதுக்குத் தள்ளச் சொல்லியா குடுக்கணும்? கல்லறைத் தோட்டத்து வாசல் வந்தது. வாசல்ல நிக்கல. சுவத்தைச் சுத்திக்கிட்டு அந்தப்பக்கம் போனாவ. வெளிமண்ணுல எங்கனயோ ஒரு இடத்துல குழி எடுத்து, தொட்டிய இறக்கி, மூடி, மணலைச் சமமாத் தள்ளிட்டு வந்து சோறு பொங்கினாவ.

சாமியாரு வந்தாரு. "தொட்டிய எங்கம்மா புதைச்சீங்க?"

"கல்லறையிலதான் சாமி."

"எங்க, மண்ணு கிளறின இடமே இல்லையே?"

"சுவத்துக்கு அந்தப்பக்கம் சாமி. வெளிமண்ணுல."

சாமியாரு பதறிட்டாரு. "அது மந்திரிக்காத மண்ணும்மா! எந்த இடம்? காட்டுங்க."

இசபெலு பனையடியக் காட்டினா. இன்னொருத்தி வடக்கு மூலையக் காட்டினா. ஒருத்தி அங்கன, ஒருத்தி இங்கன. ஒரு கிழவி கடலையே காட்டிட்டாளாம், வயசாச்சுலா. "காத்து அடிச்சது சாமி, மணல் எல்லாம் ஒண்ணா ஆயிட்டு, மறந்துபோச்சு"ன்னா கித்தேரி. பன்னெண்டு பொம்பளைக்கும் ஒரே நேரத்துல மறதி.

சாமியாருக்குக் கோவம் வந்துட்டு. பாவம், அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்லா. மண்வெட்டிய எடுத்துட்டு வரச் சொல்லி, வெளிமண்ணுல ஏறி, "தோண்டிப் பாத்துட்டாப் போகுது"ன்னு ஓங்கினாரு.

கித்தேரி தடுக்கல. ஓரமா ஒதுங்கி நின்னு சொன்னாளாம். "தோண்டுங்க சாமி. ஆனா பைய தோண்டுங்க. இங்கன எங்கன தோண்டினாலும் ஒரு பிள்ளை படுத்திருக்கும்."

ஓங்கின கை அப்படியே நின்னுட்டாம்.

பொறவு மண்வெட்டியக் கீழ வச்சாரு. செருப்பைக் கழட்டிட்டாரு. அவளைப் பாத்துக் கேட்டாரு. "தொட்டி கிடக்கிற இடம் மறந்துபோச்சு, சரி. உன் பிள்ளை கிடக்கிற இடமும் மறந்துபோச்சா?"

"அது மறக்குமா சாமி?"ன்னாளாம். ரெண்டு எட்டு நடந்து போயி, முட்டுப் போட்டு, மணலைத் தடவிக் காட்டினாளாம்.

சாமியாரு ஊர்ச் சனத்தைத் திரும்பிப் பாத்தாரு. "மந்திரிச்ச தொட்டி சுவத்துக்கு வெளிய கிடக்கக்கூடாது. எங்க கிடக்குன்னு தெரியாததுனால, இந்த மேடு முழுசையும் வளைச்சுச் சுவரு எடுக்கணும். முழு மண்ணையும் மந்திரிக்கணும். வேற வழி இல்ல"ன்னாரு. சொல்லிட்டு, முதல் கல்லை அவரே தூக்கிக்கிட்டு வந்து, அந்தப் பிள்ளைக்கு வெளிப்பக்கமா வச்சாராம். மேலிடத்துக்கு, தொட்டி உள்ள இருக்கு, சுத்திச் சுவரு இருக்குன்னு மட்டும் எழுதிப் போட்டாராம். பொய்யா? பொய் இல்லையே!

அடுத்த வருசம் கித்தேரிக்குத் திரும்பவும் ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்தது. மூக்குச்சாமிதான் தண்ணி ஊத்தினாரு. லூசியான்னு பேரு. கித்தேரி பந்திக்குப் போகாம, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா மணல்மேட்டுக்குப் போனா. "ஏ பாப்பா, இது உன் தங்கச்சி. இவளுக்கு லூசியான்னு பேரு வச்சாச்சு. உனக்கும் அதான் பேரு. ரெண்டுபேரும் பகுந்துக்கிடுங்க"ன்னு சத்தமாச் சொன்னாளாம். பக்கத்துல நின்ன பொம்பளைக்கெல்லாம் அழுகை. அவளுக அவளுக பிள்ளையும் அங்கன கிடந்ததுலா.

இப்பவும் போய்ப் பாருங்க, எங்க கல்லறைத் தோட்டத்துச் சுவரு மூணு பக்கம் நேராப் போவும். மேக்க மட்டும் ஒன்பது மாசக்காரி வயிறு மாதிரி தள்ளிக்கிட்டு நிக்கும். கித்தேரி வளைவுன்னு சொல்லுவோம். போன வருசம் பழைய பொருளு தேடுற ஆபீசருக ஒரு கருவியத் தூக்கிக்கிட்டு வந்தாவ, தொட்டிய எடுத்து மியூசியத்துல வைக்கணும்னு. ஊர்ப் பொம்பளைக எல்லாம் ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டினோம். நான் புளியமரத்தைக் காட்டினேன். டீ குடிச்சிட்டுப் போயிட்டாவ.

அதோ, வண்டிச் சத்தம் கேக்கு. சாமியாரு வந்துட்டாவ. எந்திரிங்க மதினி. தண்ணி ஊத்தினதும் பந்திக்கு ஓடிராதீங்க, எங்க ஊரு வழக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு. ஞானத்தாய் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வளைவுக்குப் போவா, நீங்க கூட வரணும். அங்கன நின்னு பிள்ளை பேரை மூணு தடவை சொல்லணும். வெக்கப்பட்டு முணுமுணுக்கக் கூடாது, தொண்டை கிழியச் சொல்லணும். பேரு இல்லாததுக அங்கன நிறையக் கிடக்கு, ஒண்ணுக்காவது கேக்கணும்லா.